காக்கா ஆளி: வந்ததால் கெட்டதா, கெட்டதால் வந்ததா?

3 ஜூன் 2024

கொளத்தூர் நண்பர் ஒருவர் கேட்டது:

"எண்ணூர் ஆற்றில் ஏதோ தென் அமெரிக்கச் சிப்பி வந்து எல்லாவற்றையும் அழிக்கிறது என்று ஆளாளுக்குப் பதறுகிறீர்கள். ஜிலேபி மீனும் வெளிநாட்டிலிருந்து வந்ததுதானே, குழம்பு வைத்துச் சாப்பிடவில்லையா? மிளகாய் வரவில்லையா? பத்து வருடம் போனால் இதுவும் நம்ம ஊர்ச் சிப்பிதான். இயற்கை தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். இதற்கு ஏன் இத்தனை கூப்பாடு?"

3 ஜூன், இரவு

மிளகாயை இதில் இழுக்காதீர்கள். நட்டால் வரும், தண்ணீர் ஊற்றினால் காய்க்கும், விட்டுவிட்டால் காய்ந்துபோகும். மிளகாய்ச் செடி புறம்போக்கை வளைத்துப் போட்டதாக இதுவரை யாரும் புகார் சொன்னதில்லை.

என் பெரியம்மா எண்ணூர் பக்கம் காட்டுக்குப்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவர். எண்ணூரில் கடலில் சேருகிற கொசஸ்தலை ஆற்றில் நாற்பது வருடமாகக் கையால் இறால் தடவுகிறார். பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். வத்தத்தில், அதாவது தண்ணீர் வற்றுகிற நேரத்தில், ஆற்றில் இறங்கி, கழுத்து மட்டும் வெளியே தெரிய உட்கார்ந்த வாக்கில் நகர்ந்துகொண்டே, இரண்டு கையையும் சேற்றின் மேல் பரப்பித் தடவ வேண்டும். இறால் சேற்றில் புதைந்து கிடக்கும். கை பட்டதும் துள்ளும். அது துள்ளுகிற நொடியில் விரல் மடங்கியிருக்க வேண்டும். வலை கிடையாது, படகு கிடையாது. இருளர் பெண்கள் பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு இதே வேலையைச் செய்வார்கள். பெரியம்மா இடுப்பில் பை கட்டிக்கொள்வார்.

இப்போது அவர் கை வைத்தால் சேறு தட்டுப்படுவதில்லை, அந்தச் சிப்பியின் ஓடுதான் தட்டுப்படுகிறது. போன மாதம் போயிருந்தபோது உள்ளங்கையை விரித்துக் காட்டினார். பிளேடால் கோடு கிழித்த மாதிரி குறுக்கும் நெடுக்குமாக வெட்டு. உப்புத் தண்ணீரில் அது ஆறவே ஆறாது.

கூப்பாடு இதற்குத்தான்.

4 ஜூன்

பெயர் பற்றி இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். செய்தியில் இந்தச் சிப்பிக்கு "காக்கா ஆழி" என்று வருகிறது, நான் "ஆளி" என்று எழுதுகிறேன். ஆழி என்றால் கடல், ஆளி என்றால் சிப்பி வகை, அதனால் ஆளிதான் சரியென்று எனக்குப் படுகிறது. ஆனால் எங்கள் பக்கம் ழகரம் வாயில் நுழையாது. வாழைப்பழமே வாயப்பயம் ஆகிற ஊரில் ஆழியா ஆளியா என்று பெரியம்மாவிடம் கேட்டேன். "ஆளி" என்றார். கடலைக் காட்டி அது என்ன என்று கேட்டேன். "கடலு" என்றார். விசாரணை முடிந்தது.

அறிவியல் பெயர் மைட்டெல்லா ஸ்ட்ரைகேட்டா. கொஞ்ச வருடம் முன்புவரை மைட்டெல்லா சாருவானா என்று எழுதினார்கள். இரண்டும் ஒன்றுதான்.

4 ஜூன், பிறகு

கீழே ஒருவர் "வந்தேறிச் சிப்பி" என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து அந்தச் சொல் வேண்டாம். எண்ணூரில் பர்மாவிலிருந்து வந்தவர்கள் குடியேறிய பர்மா நகர் என்றே ஒரு பகுதி இருக்கிறது. நான் அவர்களுடைய அத்தோ நூடுல்ஸ் சாப்பிட்டு வளர்ந்தவன். மனிதர்களைத் திட்டுகிற சொல்லால் சிப்பியைத் திட்டினால் கடைசியில் அடி மனிதர்கள் மேல்தான் விழும். ஊடுருவி என்று சொல்லுங்கள், போதும்.

5 ஜூன்

ஒரு கொத்தைப் பெரியம்மா கேரி பேக்கில் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து பக்கெட்டில் போட்டு ஒரு மணி நேரம் பார்த்தேன். மனைவி என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுத முடியாது.

அரை மூடித் தேங்காய் அளவுக் கொத்து. ஒவ்வொன்றும் கட்டைவிரல் நீளத்துக்கு மேல் இல்லை. பாதி கறுப்பு, சில பழுப்பு, இரண்டு மூன்றில் பச்சை ஓடியிருந்தது. ஒன்றைப் பிடித்து இழுத்தால் பத்து கூட வருகிறது. ஒவ்வொன்றும் தன் உடம்பிலிருந்து நார் விட்டுப் பக்கத்துச் சிப்பியைக் கட்டிவைத்திருக்கிறது. சீப்பில் சிக்கிய முடி மாதிரி அந்த நார். நடுவில் களி, வழவழவென்று கறுப்பாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு. எண்ணிப் பார்க்கலாம் என்று ஆரம்பித்து எண்பதோடு விட்டுவிட்டேன். பொடிசுகள் மிளகு அளவில் இருந்தன.

விஷயமே அந்த நாரில்தான். நம்ம மஞ்ச மட்டி தனித்தனியாகச் சேற்றுக்குள் புதைந்து வாழ்கிற ஜாதி. ஆளி சேற்றின் மேலே உட்கார்ந்து, ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு, ஆற்றுக்குப் பாய் விரிக்கிறது. பாய்க்குக் கீழே இருக்கிற மட்டிக்கு மூச்சு முட்டும். இறால் புதைய இடம் கிடையாது. வடிகட்டித் தின்கிற பிராணி என்பதால் தண்ணீரில் மிதக்கிற நுண்பாசியை உறிஞ்சிவிட்டு, வேண்டாததைச் சளியாக உருட்டிக் கீழே தள்ளுகிறது. அந்தச் சளியும் வண்டலும் பாய்க்குள் சிக்கித் தரை இன்னும் மேடாகிறது. ஏற்கெனவே மேடாகிக்கொண்டிருக்கிற ஆறு அது.

மட்டி போனதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. கிளிஞ்சல் சுண்ணாம்பு, இறால் தீனி என்று அதற்கும் ஒரு சந்தை இருந்தது.

5 ஜூன், சேர்க்கை

"வடிகட்டினால் தண்ணீர் தெளியுமே, நல்லதுதானே?" என்று கேட்டவருக்கு: தெளியும். வட அமெரிக்காவின் பெரிய ஏரிகள் பக்கம் 1988இல் வரிச்சிப்பி என்று ஒன்றைக் கண்டார்கள். கருங்கடல், காஸ்பியன் பக்கத்துச் சரக்கு. சில வருடத்திலேயே ஏரி கண்ணாடி மாதிரி ஆனது. பார்க்க அழகு. ஆனால் தண்ணீரைக் கலங்கலாக வைத்திருந்ததே மீன் குஞ்சுகளின் சாப்பாடுதான், அதுதான் காணாமல் போனது. வெயில் அடிவரை போய்க் களைகள் கிளம்பின. சோற்றுப் பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டால் பானையும் பளபளவென்றுதான் இருக்கும்.

7 ஜூன்

எப்படி வந்தது என்று கேட்டவர்களுக்கு. கப்பல். சரக்கு இல்லாத கப்பல் கடலில் ஆட்டம் காணாமல் இருக்க வயிற்றில் தண்ணீர் ஏற்றிக்கொள்ளும், நிலைப்பு நீர் என்கிறார்கள். அந்தத் தண்ணீரோடு சிப்பியின் குஞ்சுகளும் ஏறும். கண்ணுக்குத் தெரியாத பருவத்தில் அவை சில வாரம் மிதந்து திரியும். இங்கே வந்து தண்ணீரைத் திறந்துவிட்டால் முடிந்தது கதை. எண்ணூரில் நிலக்கரிக் கப்பல் வரிசையாக நிற்கிறதே, அதுதான் கொண்டுவந்திருக்கும்.

9 ஜூன், திருத்தம்

மேலே எழுதியதில் கடைசி வரி தப்பு. இழுவைப் படகில் வேலை பார்க்கிற என் மச்சான் படித்துவிட்டு நேராகப் போன் போட்டான்.

"ஏன் மாமா, நிலக்கரிக் கப்பல் காலியாவா வரும்?"

வராது. முழுச் சரக்கோடு வருகிற கப்பலுக்கு நிலைப்பு நீர் அவ்வளவாகத் தேவைப்படாது. நிலக்கரியை இறக்கிய பிறகு இங்கேதான் தண்ணீரை ஏற்றிக்கொண்டு கிளம்பும். அதாவது நம்ம தண்ணீர்தான் வெளியே போகும். காலியாக வந்து இங்கே சரக்கு ஏற்றுகிற கப்பல்தான் தண்ணீரை இறக்கும், உதாரணத்துக்கு கார் ஏற்றப் போகிற கப்பல். அதுவும் இல்லையென்றால் கப்பலின் அடிவயிற்றில் ஒட்டிக்கொண்டே வந்திருக்கலாம், அதற்கு எந்தச் சரக்கும் வேண்டாம். 2014இல் மணிலா, 2016இல் சிங்கப்பூர், பிறகு கேரளம் என்று துறைமுகம் துறைமுகமாகத்தான் தலைகாட்டியிருக்கிறது. எந்தக் கப்பல் என்று கைநீட்ட என்னால் முடியாது. அன்று நீட்டியது அவசரம்.

நிலைப்பு நீருக்கு 2004இலேயே உலக அளவில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். கரையிலிருந்து 200 கடல் மைல் தள்ளி, 200 மீட்டராவது ஆழம் உள்ள இடத்தில் தண்ணீரை மாற்றிக்கொண்டு வர வேண்டும், அல்லது சுத்திகரிக்க வேண்டும். நடைமுறைக்கு வந்தது 2017 செப்டம்பரில். பதின்மூன்று வருடம். ஆளிக்குப் பருவமடையக்கூட அத்தனை காலம் வேண்டாம்.

மச்சான் இன்னொன்றும் சொன்னான்: "அடிவயித்தச் சொரண்டுற அன்னிக்கு வா மாமா, உள்ள ஒரு மீன் மார்க்கெட்டே இருக்கும்."

12 ஜூன்

மச்சான் சொன்ன "நம்ம தண்ணீர் வெளியே போகும்" என்பது மூன்று நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. தேடினேன். நம்ம பச்சை ஆளி இருக்கிறதே, பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும், பச்சை விளிம்போடு, மிளகு போட்டு வறுத்தால் அப்படி இருக்குமே, அது இந்தப் பக்கத்துக் கடலுக்குச் சொந்தக்காரன். 1990 வாக்கில் டிரினிடாடில் தலைகாட்டி, 1999இல் ஃபுளோரிடாவின் டாம்பா விரிகுடாவில் மின்நிலையக் குழாயை அடைத்துக்கொண்டு நின்றது. அங்கே அதுதான் ஊடுருவி. அதை எப்படி ஒழிப்பது என்று அவர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

இன்னும் கேளுங்கள். காக்கா ஆளியும் அதே ஃபுளோரிடாவுக்குள் நுழைந்திருக்கிறது, 1986இல், ஜாக்சன்வில்லில். அதுவும் மின்நிலையத்தின் தண்ணீர்க் குழாயில்! அந்தக் குளிர்காலத்தில் செத்துப்போனது. 2004இல் வேறொரு உப்பங்கழியில் மறுபடி வந்தது. ஆக நம்ம ஊர்க்காரனும் நம்ம ஆற்றைப் பிடித்தவனும் அமெரிக்காவில் ஒரே தொழில்தான் பார்க்கிறார்கள்.

எண்ணூரில் அந்தக் குளிரும் கிடையாது என்பது இன்னொரு வயிற்றெரிச்சல். நமக்கு மார்கழியிலேயே மின்விசிறி ஓடுகிறது.

15 ஜூன்

ஆற்றையும் கேட்க வேண்டும். காக்கா ஆளி வந்தபோது கொசஸ்தலை எப்படி இருந்தது? அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாய் உடைந்து உடைந்து, சாம்பல் ஆற்றின் அடியில் சிமெண்ட் மாதிரி படிந்திருந்தது. அங்கிருந்து வரும் சுடுநீர் ஒரு பக்கம். அலையாத்திக் காடு இருந்த இடத்தில் மண் கொட்டிச் சுவர். சின்ன வயதில் அந்தச் சாம்பல் படிந்த இடத்தில் கால் வைத்தால் முழங்கால்வரை இறங்கும், அடியில் சூடாக இருக்கும், நாங்கள் அதை விளையாட்டு என்று நினைத்தோம். இப்படிக் குற்றுயிராகக் கிடந்த ஆற்றில்தான் ஆளி நுழைந்தது. உப்பு ஏறினாலும் தாங்கும், இறங்கினாலும் தாங்கும். தீனி குறைந்தால் அதன் பெட்டை ஆணாக மாறுவதைக்கூட ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். முட்டை போடச் சத்து அதிகம் வேண்டும், ஆணாக இருப்பது சிக்கனம். (இதற்கு வரப்போகும் ஜோக்குகளை எல்லாம் நானே யோசித்துவிட்டேன், வேண்டாம்.)

திருடன் வந்தான் என்று கத்துகிறோம். கதவைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டவர்களை விட்டுவிடுகிறோம்.

16 ஜூன்

நேற்று எழுதியது கைதட்டல் வாங்கியது. அதனாலேயே சந்தேகம் வந்தது.

கொல்லம் பக்கம் அஷ்டமுடிக் காயல். அங்கே மட்டி எடுப்பதற்கென்று கட்டுப்பாடுகள் உண்டு. முறையாக எடுக்கிறார்கள் என்று 2014இல் உலகச் சான்றிதழே கிடைத்தது, இந்தியாவில் முதல் முறையாக. அங்கேயும் இதே காக்கா ஆளி புகுந்துவிட்டது. அஷ்டமுடி ஒன்றும் பத்தரை மாற்றுத் தங்கம் இல்லை, ஆனால் நம்ம ஆறு மாதிரியும் இல்லை. ஆகவே "கெட்ட ஆற்றுக்குத்தான் வரும்" என்பது பாதி உண்மை. நல்ல ஆறாக இருந்தால் எதிர்த்து நிற்க ஆள் இருக்கும், சிப்பி தின்னும் நண்டும் மீனும் கூடுதலாக இருக்கும். அவ்வளவுதான் சொல்ல முடியும். வராது என்று சொல்ல முடியாது.

தலைப்பில் நான் கேட்ட கேள்வியே கோணலோ என்று இப்போது தோன்றுகிறது. மாற்றப் போவதில்லை, இத்தனை பேர் பதில் போட்டாகிவிட்டது.

19 ஜூன்

கொளத்தூர் நண்பர் மறுபடி வந்து, "துறைமுகத்தையே திட்டுகிறீர்கள், சாதாரண ஜனங்கள் ஒன்றும் செய்யவில்லையா?" என்கிறார். கொளத்தூரிலிருந்து இந்தக் கேள்வி வந்தது பொருத்தம்தான், வண்ணமீன் வியாபாரத்துக்குப் பேர்போன ஊர்.

சரி, ஒப்புக்கொள்கிறேன். பத்தாவது படிக்கும்போது வீட்டில் மீன் தொட்டி இருந்தது. பாசி தின்னட்டும் என்று கொளத்தூர்க் கடையில் "டேங்க் கிளீனர்" ஒன்று வாங்கினேன், விரல் நீளம். இரண்டே வருடத்தில் முழங்கை நீளம் ஆகி மற்ற மீன்களை இடிக்க ஆரம்பித்தது. கொல்ல மனம் வரவில்லை. சைக்கிளில் பக்கெட்டை மாட்டிக்கொண்டு போய் ரெட்டேரியில் விட்டேன். புண்ணியம் என்று நினைத்தேன், வரும் வழியில் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு வேறு.

அதுவும் தென் அமெரிக்கா. மேலெல்லாம் எலும்புத் தகடு, கொக்குக்கூட விழுங்கத் தயங்கும். கரையில் வளை தோண்டி முட்டை போடும், கரை சரியும். வலையில் விழுந்தால் முள்ளைச் சிலுப்பிக்கொண்டு வலையைக் கிழிக்கும். ஏரியில் வலை போடுகிற ஒருவர் ஒருமுறை கரையில் பத்துப் பதினைந்தை வரிசையாகப் போட்டு வைத்திருந்தார். நாய்கூட மோந்துவிட்டுப் போய்விட்டது. நான் விட்ட ஒன்றாலா இத்தனை என்று மனசாட்சிக்குச் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். என்னை மாதிரி எத்தனை புண்ணியவான்களோ.

19 ஜூன், பிறகு

ஜிலேபி பாக்கி இருக்கிறது. 1952இல் வேண்டுமென்றே கொண்டுவந்து விட்ட மீன், பசிக்கு உதவும் என்று. தாய் மீன் முட்டையை வாயிலேயே அடைகாக்கும், அதனால் குஞ்சு பிழைக்கும், ஏரி நிறையும். நிறைந்த பிறகு தீனி பத்தாமல் எல்லாம் உள்ளங்கை அளவிலேயே நின்றுவிடும். நாம் சாப்பிடுகிறோம், உண்மை. கெண்டை, விரால், உளுவை கிடைக்காததால் சாப்பிடுகிறோம் என்பதும் உண்மை. அதன் மேல் எனக்குக் கோபமில்லை, நேற்றுகூட வீட்டில் ஜிலேபி வறுவல்தான்.

22 ஜூன்

"தின்றே தீர்த்துவிடலாமே" கோஷ்டிக்கு. பிரேசிலில் மசெயோ என்ற ஊரில், முண்டாவு கழிக்கரையில், இதே ஜாதி ஆளியைத்தான் சுருரு என்று தின்கிறார்கள். அதை எடுத்து, வேகவைத்து, ஓடு நீக்கி விற்றே குடும்பம் நடத்துகிறார்கள், பெரும்பாலும் பெண்கள். தேங்காய்ப் பாலில் வேகவைப்பார்களாம். படித்ததும் எச்சில் ஊறியது, மறைக்கவில்லை.

ஆனால் ஆளி வடிகட்டித் தின்கிற பிராணி. தண்ணீரில் இருப்பதெல்லாம் அதன் உடம்பில் சேரும். நம்ம ஆற்றில் சாம்பல் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படகு, வலை, கொக்கு எல்லாம் கறுப்பானது. அதை வடிகட்டிய வயிற்றைத் தேங்காய்ப் பாலில் போட நான் தயாரில்லை. பெரியம்மாவிடம் சொன்னேன். "கோழிக்கே போட மாட்டேன்" என்றார்.

23 ஜூன்

"அதன் எதிரியைக் கொண்டுவந்து விட்டால்?" சில சமயம் பலிக்கும். 2008இல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி கிளம்பி மல்பெரி, மரவள்ளி என்று எல்லாவற்றையும் வெள்ளையடித்தது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொசுவைவிடச் சின்னக் குளவி ஒன்றைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்தப் பூச்சியைத் தவிர வேறெதையும் தொடாத குளவி. பூச்சி அடங்கியது.

பலிக்காத கதையும் உண்டு. கொசுப் புழுவைத் தின்னட்டும் என்று 1928இல் கம்பூசியா மீனைக் கொண்டுவந்தோம். அது தலைப்பிரட்டையையும் மற்ற மீன் முட்டையையும் சேர்த்துத் தின்கிறது. தலைப்பிரட்டை தவளையானால் கொசுவைத் தின்றிருக்கும். கொசு எங்கள் தெருவில் சௌக்கியமாக இருக்கிறது.

ஆளியை மட்டும் தின்று மட்டியைத் தொடாத பிராணி எதையும் நான் கேள்விப்படவில்லை. ஆக மண்வெட்டிதான், இயந்திரம்தான். சுரண்டும்போது உடைகிற கொத்து மிதந்து போய் வேறு இடத்தில் ஒட்டாமலும் பார்க்க வேண்டும்.

24 ஜூன்

சின்னக் குறிப்பு. "பூண்டி ஏரியைத் திறந்துவிட்டால் நல்ல தண்ணீரில் செத்துவிடாதா?" நானும் நம்பினேன். சாகும், ஆனால் ஓட்டை மூடிக்கொண்டு நாள்கணக்கில் தம் கட்டும். போன வெள்ளம் வடிந்த பிறகு பாலத்துத் தூணில் போய்ப் பார்த்தேன், எண்ணெய் பூசிக்கொண்டு அப்படியே இருந்தது. ஆகாயத்தாமரைதான் ஆற்றோடு வந்து கடல் உப்பில் கருகிக் கரையொதுங்கும். வரும் வழியில் எத்தனை வலையைச் சுருட்டும் என்பது தனிக் கதை.

27 ஜூன்

நேற்று விடியற்காலை பெரியம்மாவோடு ஆற்றுக்குப் போனேன். நான் கரை, அவர் தண்ணீர். மணலியில் வேலை பார்க்கிற யாரோ கொடுத்த ரப்பர் கையுறை ஒரு ஜோடி வைத்திருந்தார். இடது கையில் மட்டும் மாட்டினார், வலது வெறுங்கை.

"ரெண்டுலயும் மாட்டலாமே?"

"மாட்டுனா எறா துள்றது எப்டிரா தெரியும்?"

இடது கையால் ஆளி இருக்கிறதா என்று முன்னால் தடவிப் பார்க்கிறார். இல்லாத இடமாக இருந்தால் வலது கை பின்னால் போகிறது. முன்பு இரண்டு கையாலும் ஒரே வீச்சில் தடவிய தூரத்தை இப்போது நாலு தடவையாகக் கடக்கிறார். மூன்று மணி நேரம். பையில் கால் கிலோ தேறியிருக்கும், வெள்ளை இறால், அதிலும் பாதி பொடி. கூட வந்த இரண்டு பேர் பாதியில் ஏறிவிட்டார்கள்.

28 ஜூன்

கொளத்தூர் நண்பர் ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறார். தாராளமாக வாருங்கள். கும்மிடிப்பூண்டி ரயிலில் எண்ணூரில் இறங்குங்கள், நான் வண்டி கொண்டுவருகிறேன். வத்தம் எத்தனை மணிக்கு என்று சனிக்கிழமை இரவு சொல்கிறேன். பழைய கேன்வாஸ் ஷூ இருந்தால் போட்டுக்கொண்டு வாருங்கள். செருப்பு சேற்றில் நிற்காது, வெறுங்காலோடு இறங்க விடமாட்டேன்.